கோணல் முத்தும் தேர்ப்பவனியும்: தமிழ்நாட்டில் பரோக் ஓவிய, சிற்ப மரபின் வழித்தடம்

1563ஆம் ஆண்டு கோவாவில் ஒரு புத்தகம் அச்சேறியது. கார்சியா த ஓர்த்தா என்ற போர்த்துகீசிய மருத்துவர் இந்திய மூலிகைகளையும் மருந்துச் சரக்குகளையும் பற்றி உரையாடல் வடிவில் எழுதிய நூல் அது. முத்தைப் பற்றிப் பேசும் இடத்தில், உருண்டு திரளாமல் கோணிப்போன முத்துகளை அவர் ‘பர்ரோக்கோ’ என்று குறிக்கிறார். முத்து வணிகர் வாயில் புழங்கிய சொல். அதே ஆண்டு டிசம்பரில், வடஇத்தாலியின் திரெந்து நகரில் கூடியிருந்த கத்தோலிக்கப் பொதுச்சங்கம் தன் கடைசி அமர்வில் திருவுருவங்களைப் பற்றி ஓர் ஆணை வெளியிட்டது. ஓவியமும் சிற்பமும் எளிய மக்களுக்கு விசுவாசத்தைக் கற்பிக்க வேண்டும், அவர்களைப் பக்திக்குத் தூண்ட வேண்டும் என்பது அதன் சாரம். ஒன்று சொல்லைத் தந்தது, மற்றொன்று தேவையைத் தந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு கலையின் பெயராவதற்கு இருநூறு ஆண்டுகள் ஆயின.

18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர்கள் கோணலான, மிகையான, அளவு தெரியாத கலை என்று பழிக்கவே ‘பரோக்’ என்றார்கள். 1888இல் ஹைன்ரிஹ் வுல்ஃப்லின் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் எழுதிய நூலுக்குப் பிறகுதான் அது வசையாக இல்லாமல் ஒரு பாணியின் பெயராக மதிப்புப் பெற்றது. முத்துக்குளித்துறையைக் கொண்ட தமிழர் இந்தச் சொல்லை அயலார் சொத்தாகப் பார்க்க வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி மூழ்கிய பரதவரின் கைகளில் நல்முத்தோடு கோணல் முத்தும் வந்துகொண்டேதான் இருந்தது.

பரோக் ஓவியத்தின், சிற்பத்தின் இயல்புகள் எவை, அவற்றில் எவை தமிழ்நாட்டுக் கரையைத் தொட்டன, எவை இங்கே தங்கின என்பதை இக்கட்டுரை தேடுகிறது. நான் வந்தடைந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் பரோக்கின் பெருமை கூரை ஓவியத்திலும் வெண்பளிங்கிலும் இருந்தது. தமிழ்நாட்டில் அது தங்கியது வீதியில், தோளில் சுமந்தும் தேரில் ஏற்றியும் கொண்டுபோகப்படும் சுரூபத்தில். அப்படித் தங்க இடம் கொடுத்தது இங்கே முன்பே இருந்த உற்சவர் மரபு.

செம்பரம்பாக்கத்திலிருந்து

இந்தத் தேடலைச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நின்று தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இன்று இந்த வட்டாரம் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று கார்த் தொழிற்சாலைகளின் பெயரால் அறியப்படுகிறது. ஆனால் இந்த ஏரிக்கு இரண்டு திசைகளிலும் 16, 17ஆம் நூற்றாண்டுகளின் கலை வரலாறு கிடக்கிறது. மேற்கே நெடுஞ்சாலையில் போனால் இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர், அதற்கப்பால் காஞ்சிபுரம். அங்கே வரதராசப் பெருமாள் கோயிலின் கல்யாண மண்டபத்தில் கருங்கல் குதிரைகள் முன்னங்கால் தூக்கி நிற்கின்றன. கிழக்கே ஏரியின் உபரிநீர் அடையாற்றில் கலந்து பரங்கிமலையை ஒட்டி ஓடி, சைதாப்பேட்டையைத் தாண்டி, போர்த்துகீசியர் சாந்தோம் நகரம் எழுப்பிய மயிலாப்பூர்க் கடற்கரைக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. நாயக்கர் காலக் கல்லும் போர்த்துகீசியர் கொண்டுவந்த மரச்சுரூபமும் ஓரிரு நாள் நடைத் தொலைவில் இருந்திருக்கின்றன. அவை ஒன்றையொன்று எப்படிப் பார்த்துக்கொண்டன என்பதே கேள்வி.

ஒளி, உடல், மேடை

முதலில் ஐரோப்பிய மூலத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ரோமில் சான் லூயிஜி தெய் ஃபிரான்செசி கோயிலில், 1599 முதல் 1600 வரை கரவாஜ்ஜோ தீட்டிய ‘மத்தேயுவின் அழைப்பு’ தொங்குகிறது. இருண்ட அறை. மேசையைச் சுற்றிக் காசு எண்ணும் ஆட்கள். வலப்புறமிருந்து இயேசு கை நீட்டுகிறார். அவர் தலைக்கு மேலாக வரும் ஒளிக்கற்றை சுவரில் சாய்வாக விழுந்து, எண்ணிக்கொண்டிருப்பவர்களின் முகங்களைத் தொடுகிறது. முந்தைய மறுமலர்ச்சிக் கால ஓவியத்தில் ஒளி எல்லாவற்றின் மீதும் சமமாகப் படரும். பார்ப்பவருக்கு வடிவத்தைக் காட்டித் தரும். கரவாஜ்ஜோவில் ஒளியே நிகழ்ச்சி. அது யார் மீது விழுகிறதோ அவருடைய வாழ்க்கை அந்தக் கணத்தில் மாறுகிறது. அவர் வரைந்த லொரேத்தோ மாதா ஓவியத்தில், முழங்காலிட்ட யாத்திரிகர்களின் அழுக்குப் படிந்த பாதங்கள் பார்ப்பவரின் கண்மட்டத்துக்கே வந்துவிடுகின்றன. புனிதத்தைத் தெருப்புழுதியோடு நெருங்க வைப்பது பரோக்கின் முதல் துணிவு.

சிற்பத்தில் இதற்கு இணை ஜான் லொரென்ஸோ பெர்னினி. மிக்கேலாஞ்சலோவின் தாவீது போருக்கு முன் நிதானமாக நிற்பவன். பெர்னினி 1623, 1624 ஆண்டுகளில் செதுக்கிய தாவீது உதட்டைக் கடித்து, உடலை முறுக்கி, கவணைச் சுழற்றும் கணத்தில் இருக்கிறான். அவன் குறிபார்க்கும் எதிரி நாம் நிற்கும் வெளியில் எங்கோ இருக்கிறான். சிற்பம் தன் பீடத்தோடு முடிந்துவிடாமல் பார்ப்பவரின் இடத்தையும் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. 1625இல் முடிந்த ‘அப்பல்லோவும் தாஃப்னேயும்’ என்ற சிற்பத்தில், ஓடும் பெண்ணின் விரல் நுனிகள் இலைகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. பளிங்கை அவ்வளவு மெலிதாகக் குடைந்திருக்கிறார்.

அவருடைய கலையின் உச்சம் சாந்தா மரியா தெல்லா வித்தோரியா கோயிலில் 1652இல் முடித்த தெரேசாவின் பரவச நிலை. மேலே கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு சாளரம். அதன் வழியே இறங்கும் வெளிச்சம் தங்கமுலாம் பூசிய கம்பிகளின் மேல் வழிந்து, மேகத்தில் சாய்ந்த துறவியின் உடை மடிப்புகளில் விழுகிறது. இரு பக்கச் சுவர்களிலும், நாடகக் கொட்டகையின் மாடத்தில் அமர்ந்திருப்பதுபோல, அந்தச் சிற்றாலயத்தைக் கட்டக் கொடுத்த கொர்னாரோ குடும்பத்தினர். கட்டடம், சிற்பம், வண்ணக்கல், பகல் வெளிச்சம் நான்கும் ஒரே மேடைக் காட்சியாகின்றன. இந்தத் தெரேசா புனிதராக அறிவிக்கப்பட்டது 1622 மார்ச் 12ஆம் நாள். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே தமிழ் மந்திரங்களை மனப்பாடமாகச் சொல்லித் திரிந்த பிரான்சிஸ் சவேரியாரும் அதே நாளில், அதே சடங்கில் புனிதரானார்.

சவேரியார் வழியாகவே தமிழ்நாட்டின் கரை பரோக் ஓவியத்துக்குள் நுழைகிறது என்று சொல்லலாம். ஆண்ட்வெர்ப் நகர இயேசு சபைக் கோயிலுக்காகப் பேதுரு பவுல் ரூபன்ஸ் 1617, 1618 வாக்கில் வரைந்த ‘சவேரியாரின் அற்புதங்கள்’ இன்று வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐந்து மீட்டருக்கு மேல் உயரம். கறுப்பு அங்கி அணிந்த சவேரியார் மேடையில் நின்று கை உயர்த்துகிறார். கீழே பார்வையற்றவர், நோயாளி, மரணத்திலிருந்து எழுபவர். பின்னணியில் விண்ணொளி பட்டு ஒரு சிலை உடைந்து சரிகிறது. கோயில் என்று ரூபன்ஸ் காட்டுவது ரோமானியத் தூண்கள் நிற்கும் கட்டடம். கீழ்த்திசையைப் பார்த்தறியாத கண்ணின் கற்பனை அது. வென்றவரின் பார்வையும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தத் திரளின் அசைவை, மூலைக்கு மூலை சாய்ந்து ஏறும் உடல்களின் அலையை, சிவப்பும் பொன்னுமான சதை வண்ணத்தைப் பார்க்கையில் பரோக் ஓவியம் என்ன செய்ய விரும்பியது என்பது ஒரே பார்வையில் பிடிபடுகிறது.

வுல்ஃப்லின் 1915இல் எழுதிய இன்னொரு நூலில் இந்த இயல்புகளை ஐந்து இணைகளாக வகுத்தார். கோட்டால் எல்லை கட்டுவதற்கு மாறாக வண்ணத்தால் கரைப்பது, தளத்தில் பரப்புவதற்கு மாறாக ஆழத்துக்குள் இழுப்பது, மூடிய வடிவுக்கு மாறாகத் திறந்த வடிவு, தனித்தனி உறுப்புகளுக்கு மாறாக ஒட்டுமொத்தம், முழுத் தெளிவுக்கு மாறாகப் பாதி மறைவு. வகுப்பறைக்கு இன்றும் பயன்படும் கருவிதான். எனினும் இந்த ஐந்தில் பக்தர் இல்லை, பவனி இல்லை. ரோமையும் ஆண்ட்வெர்ப்பையும் மட்டும் பார்த்தால் அந்தக் குறை தெரியாது. ஸ்பெயினைப் பார்த்தால் தெரியும்.

ஸ்பெயினின் பரோக் சிற்பம் பளிங்கை நம்பவில்லை, மரத்தை நம்பியது. செவிய்யாவில் மார்த்தினெஸ் மொந்தானியெஸ், வய்யாதொலிதில் கிரெகோரியோ ஃபெர்னாண்டெஸ் ஆகியோர் செதுக்கிய உருவங்களுக்கு ஓவியர்கள் சதை வண்ணம் தீட்டினார்கள். கண்ணாடியில் கண், தந்தத்தில் பல், கன்னத்தில் கண்ணீர்த்துளி. பல உருவங்களில் தலையும் கைகளும் மட்டுமே நுட்பமாகச் செதுக்கப்பட்டிருக்கும்; எஞ்சியது வெறும் மரச்சட்டம். அதன்மேல் மெய்யான பட்டும் சரிகையும் உடுத்தித் தலைமுடி வைப்பார்கள். புனித வாரத்தில் இவற்றைத் தோளில் சுமந்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் தெருத்தெருவாகக் கொண்டுபோவார்கள். சுமப்பவர் நடை அசைய அசைய உருவமும் அசையும். பெர்னினி சாளரத்தால் செய்ததை இவர்கள் தீவட்டியாலும் நடையாலும் செய்தார்கள். தமிழ் வாசகர் ஒருவருக்கு இதைப் படிக்கும்போதே எதுவோ நினைவுக்கு வரும்.

கருங்கல்லில் பாய்ச்சல்

அந்த நினைவைத் தொடர்வதற்கு முன் ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டும். நாயக்கர் காலச் சிற்பங்களையே ‘திராவிட பரோக்’ என்று அழைக்கும் வழக்கம் கலை வரலாற்றில் உண்டு. பெர்னினி ரோமில் உளி பிடித்திருந்த அதே ஆண்டுகளில் மதுரையில் திருமலை நாயக்கர் (1623–1659) புதுமண்டபம் எழுப்பினார் என்பது உண்மை. விசுவநாத நாயக்கர் தொடங்கித் திருமலை நாயக்கர் வரையான பத்து மன்னர்களின் உருவங்கள் அங்கே தூண்களோடு ஒட்டி நிற்கின்றன. திருமலை நாயக்கரின் பருத்த வயிற்றைக் கூடச் சிற்பி மறைக்கவில்லை. அரசி சிலையின் தொடையில் சில்லுப் பெயர்ந்ததும், அது அரசியின் உடலில் உள்ள மச்சம் இருக்கும் இடமே என்று அமைச்சர் நீலகண்ட தீட்சிதர் விட்டுவிடச் சொன்னதும், மன்னர் ஐயுற்றதும், தீட்சிதர் கண்ணிழந்ததும் மதுரையில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கதை. அது நடந்ததா என்பது இருக்கட்டும். கல்லில் ஒருவரின் மெய்யான உடல் தெரிகிறது என்று அக்காலத்தவர் அஞ்சி வியந்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தக் கதையே சான்று.

காஞ்சி வரதர் கோயில் மண்டபத்தையும், 16ஆம் நூற்றாண்டினது என்று பொதுவாகக் கொள்ளப்படும் ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் குதிரை பின்னங்காலில் எழுந்து நிற்கிறது. வீரன் மேலிருந்து ஈட்டியைப் பாய்ச்சுகிறான். குதிரையின் காலடியில் காலாட்கள் வேங்கையோடு மல்லுக்கட்டுகிறார்கள். இத்தனையும் ஒற்றைக் கருங்கல்லில், கூரையைத் தாங்கும் தூணின் உறுப்பாக. திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலில் குறவன் அரசகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறான். வீரபத்திரரின் வாள் ஓங்கிய நிலையில் இருக்கிறது. மதுரைக் கம்பத்தடி மண்டபத்தில் ஊர்த்துவ தாண்டவரும் எதிரே காளியும். சமபங்கமும் திரிபங்கமும் கடந்து உடல் அதிபங்கமாக வளைகிறது. சோழர் காலச் சிற்பத்தின் உள்ளடங்கிய அமைதி போய், வெளியே பாயும் ஆற்றல் வந்திருக்கிறது.

கணத்தைப் பிடிப்பது, சாய்கோட்டில் எழும் உடல், பார்ப்பவரை நோக்கிப் பாய்வது, அரசச் செல்வத்தின் காட்சி என்று இவை எல்லாம் பரோக்கின் குணங்களே. ஆனாலும் அந்தப் பெயரை நாயக்கர் சிற்பத்துக்குச் சூட்ட என் மனம் ஒப்பவில்லை. காரணம் ஒளி. பெர்னினி ஒரு சாளரத்தை மறைத்துவைத்து, பார்ப்பவரை ஓரிடத்தில் நிறுத்தி, ஒரு மாயத்தை நிகழ்த்துகிறார். அந்திரேயா பொத்ஸோ 1694இல் முடித்த ரோமின் சாந்த் இக்னாஸியோ கோயில் கூரையில், தரையில் குறிக்கப்பட்ட ஓரிடத்தில் நின்றால்தான் கூரை பிளந்து வானம் திறப்பதுபோலத் தெரியும். இரண்டடி விலகினால் வரைந்த தூண்கள் சரிந்துவிடும். புதுமண்டபத்துச் சிற்பிக்கு அப்படி ஒரு புள்ளி தேவைப்படவில்லை. அவர் கண்ட பார்வையாளர் நடந்துகொண்டே இருப்பவர். மண்டபத்தின் நடுவே வசந்த விழாவுக்கு மீனாட்சியும் சுந்தரேசுவரரும் எழுந்தருள்கிறார்கள். தூண்களில் உள்ளவர்கள், மன்னர் உட்பட, அந்த வருகைக்குச் சாட்சிகள். இங்கே மாயம் காட்ட வேண்டிய தேவை இல்லை, தெய்வமே வந்துவிட்டது. கல்லில் உள்ள பாய்ச்சல் எல்லாம் அசையும் உற்சவருக்கு அமைத்த சூழல்.

திருமலை நாயக்கர் மகாலைக் கட்டியவர் ஓர் இத்தாலியர் என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. 1636இல் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த அரண்மனையின் பருத்த வட்டத் தூண்கள் அப்படி நினைக்க வைக்கின்றன. ஆனால் அந்த இத்தாலியருக்குப் பெயர் இல்லை. சுதையில் நெளியும் யாளியும், இதழ் விரித்த வளைவுகளும், குவிமாடமும் விஜயநகர அரண்மனை மரபும் தக்காணச் சுல்தான்களின் கட்டடக்கலையும் கலந்த கைவண்ணத்தையே காட்டுகின்றன. இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி 1606 முதல் மதுரையில் இருந்தார் என்பதை வைத்துக்கொண்டு கல்தச்சருக்கு இத்தாலிய ஆசிரியரைத் தேட வேண்டாம். அவர்களுக்கு ஆசிரியர் வீட்டிலேயே இருந்தார்கள்.

அழிந்த நகரம், மிஞ்சிய எலும்புக்கூடு

போர்த்துகீசியர் கொண்டுவந்த கலைக்கு அடையாற்றங்கரையில் என்ன ஆயிற்று? பரங்கிமலை உச்சியில் 1523இல் அவர்கள் மாதா கோயில் எழுப்பினார்கள். 1547இல் அங்கே பஹ்லவி எழுத்துப் பொறித்த பழைய கற்சிலுவை கிடைத்து, அது பீடத்தில் வைக்கப்பட்டது. 1606இல் மயிலாப்பூர் தனி மறைமாவட்டமானது. மதிலும் மடங்களும் கோயில்களும் நிறைந்த அந்த நகரம் 1662இல் கோல்கொண்டாவிடம் வீழ்ந்தது. பத்தாண்டுகளில் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். 1674இல் அவர்களும் போனார்கள். கோட்டை இடிக்கப்பட்டது. இன்று சாந்தோமில் நாம் காண்பது 1896இன் புதிய கோதிக் பேராலயம். பரோக் நகரத்தின் மேல் வேறொரு காலத்தின் ரசனை ஏறி நிற்கிறது.

வடக்கே பழவேற்காட்டில் கதை வேறு. 1613இல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள் கால்வின் வழிச் சீர்திருத்த சபையினர். கோயிலில் உருவம் கூடாது என்பது அவர்கள் நெறி. அப்படிப்பட்டவர்களும் தங்கள் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில், மணற்கடிகாரமும் மண்டையோடும் கூடிய இரண்டு எலும்புக்கூட்டு உருவங்களை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே கல்லறைப் பலகைகளில் குலச்சின்னம், பூச்சரம், கொழுத்த எழுத்து. நேரம் ஓடுகிறது, சாவு வாசலில் நிற்கிறது என்று உடலைக் காட்டியே சொல்லும் இந்த முறை, டச்சு ஓவியர்கள் மண்டையோட்டையும் அணைந்த விளக்கையும் மேசையில் வைத்துத் தீட்டிய அதே பரோக் எண்ணத்தின் கல்வடிவம். செம்பரம்பாக்கத்திலிருந்து சில மணி நேரத்தில் போய்ப் பார்த்துவிடக்கூடிய இந்த வாயில்தான், இவ்வட்டாரத்தில் ஐரோப்பிய பரோக் சிற்பத்துக்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று.

இந்திய மண்ணில் ரோம் மரபின் நேரடிப் படைப்பைப் பார்க்க வேண்டுமானால் கோவாவுக்கே போக வேண்டும். போம் ஜேசு ஆலயத்தில் சவேரியாரின் உடல் வைக்கப்பட்டுள்ள நினைவுப்பீடம், தஸ்கனியின் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ தெ மேதிச்சி கொடுத்தது. புளோரன்ஸ் சிற்பி ஜொவான்னி பத்தீஸ்தா ஃபொஜ்ஜினி செய்தது. இவர் ரோமில் பயின்றது எர்கோலே ஃபெர்ராதாவிடம். ஃபெர்ராதா பெர்னினியிடம் வேலை செய்தவர். வண்ணப் பளிங்கும் வெண்கலமும் துண்டுதுண்டாகக் கப்பலில் வந்தன. உடன்வந்த கைவினைஞர் 1698இல் பொருத்தி முடித்தார்கள். நான்கு வெண்கலப் பலகைகளில் சவேரியாரின் வாழ்க்கைக் காட்சிகள். முன்னுள்ள உருவம் முழுத்திரட்சியோடு வெளியே வர, பின்னுள்ளவை படிப்படியாகத் தகட்டுக்குள் மங்கி மறைகின்றன. அதன்மேல் இருப்பதோ அறுபது ஆண்டு முன்னரே கோவாவின் வெள்ளித்தச்சர்கள் செய்து முடித்த பேழை. அதில் காட்சிகள் சிறு சிறு கட்டங்களாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கதை சொல்கின்றன. ஆழத்துக்குள் இழுக்கும் புளோரன்ஸ் முறையும், வரிசையாகப் படித்துக்கொண்டே போகச் சொல்லும் நம் நாட்டு முறையும் ஒரே புனிதரின் உடலுக்கு அடியிலும் மேலுமாக இருக்கின்றன.

சேலை உடுத்திய மாதா

கொன்ஸ்தந்தீனோ ஜுசேப்பே பெஸ்கி என்ற வீரமாமுனிவர் 1680இல் பிறந்த காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே, மாந்துவாவை அடுத்த ஊர். மாந்துவாக் கோமகனின் அரண்மனை ஓவியராக இளம் ரூபன்ஸ் சில ஆண்டுகள் இருந்திருக்கிறார். அந்நகர இயேசு சபைக் கோயிலுக்கு 1605இல் பெரும் திரைச்சீலைகள் தீட்டியிருக்கிறார். பெஸ்கி வளர்ந்த வட்டாரத்தின் காட்சியுலகம் இது. பொத்ஸோ கூரையைத் தீட்டி முடித்தபோது அவருக்குப் பதினான்கு வயது. தேம்பாவணி பாடிய புலவரைத் தமிழிலக்கிய வரலாறு நன்றாக அறியும். பரோக் யுகத்தின் பிள்ளை அவர் என்பதை நாம் அவ்வளவாகக் கவனித்ததில்லை. யோசேப்பைத் தலைவனாக்கி 36 படலங்களில் 3615 பாடல்கள் பாடி 1726இல் முடித்தாரே, அந்தப் பெருக்கே, அணிக்கு மேல் அணி அடுக்கும் அந்த நடையே, அவர் விட்டுவந்த ஊர்க்கோயில்களின் நடையோடு ஒத்துப்போகிறது. (அதே 1726இல்தான் ஆர்மேனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்தவரும் அவரே. யாத்திரிகர் பவனியாக மலையேற வழி வேண்டும் என்று நினைத்த மனிதர்.)

வீரமாமுனிவர் கட்டிய கோயில்கள் இரண்டின் மாதா சுரூபங்களைப் பற்றி ஒரு மரபு இருக்கிறது. தமிழ்ப் பெண்ணைப் போலச் சேலை உடுத்திய மாதாவின் படத்தை அவர் வரைவித்து மணிலாவுக்கு அனுப்பினார்; அங்கே இரண்டு சுரூபங்கள் செதுக்கப்பட்டு வந்தன. ஒன்று விருத்தாசலம் பக்கத்துக் கோணாங்குப்பத்தில் பெரியநாயகி ஆயிற்று. மற்றொன்று கொள்ளிடக் கரையில், அவர் திருக்காவலூர் என்று பெயரிட்ட ஏலாக்குறிச்சியில், அடைக்கல மாதா ஆயிற்று. மணிலா அப்போது ஸ்பானியக் கடல்வழியின் கீழ்க்கோடி முனை. செவிய்யாவின் மரச்சுரூப மரபு மெக்சிகோ வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அதைச் செதுக்கிய கைகளில் பெரும்பாலானவை அங்கே குடியேறிய சீனத் தச்சர்களுடையவை. அப்படியானால் கோணாங்குப்பத்துப் பெரியநாயகியின் உருவில் இத்தாலியக் குருவின் எண்ணம், தமிழ்ச் சேலை, ஸ்பானிய மரவேலை முறை, கீழைக்கடல் தச்சரின் உளி ஆகிய நான்கும் கூடியிருக்கின்றன.

பெரியநாயகி என்ற பெயரையும் பார்க்க வேண்டும். விருத்தாசலத்துச் சிவன் கோயிலில் அம்மன் பெயர் விருத்தாம்பிகை, பெரியநாயகி. வடமொழிப் பெயரையோ இலத்தீன் பெயரையோ தேடாமல், அந்த மண்ணில் மக்கள் தாயை எப்படி அழைத்தார்களோ அதையே முனிவர் எடுத்துக்கொண்டார். ரூபன்ஸ் தன் ஓவியத்தில் கீழ்த்திசைச் சிலையை உடைத்துக் காட்டி ஒரு நூறாண்டு கடந்திருந்தது. அதே இயேசு சபையின் குரு ஒருவர் கீழ்த்திசை உடையையும் பெயரையும் மாதாவுக்குச் சூட்டினார். இந்தத் திருப்பத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். தமிழ்நாட்டில் பரோக்கின் வரலாறு இங்கேதான் தன் சொந்த வழியைக் கண்டது.

சுரூபமும் உற்சவரும்

சுரூபம் என்ற சொல்லே தமிழ்க் கத்தோலிக்கரின் சொல். சிலை என்று அவர்கள் எளிதில் சொல்வதில்லை. உடை மாற்றுவது, முடி சூட்டுவது, பூமாலை சாத்துவது, கொடியேற்றி நாள்தோறும் சப்பரத்தில் கொண்டுபோவது, கடைசி நாளில் தேர் என்று எல்லாமே உற்சவருக்குச் செய்யும் முறையோடு ஒத்துப்போகின்றன. கோயில் கருவறையில் மூலவர் அசையாமல் இருக்க, செப்புத் திருமேனியாகிய உற்சவர் பட்டும் நகையும் பூவும் போர்த்து, முகமும் கையும் மட்டும் தெரிய வீதிக்கு வருகிறார். ஸ்ரீபெரும்புதூரில் இராமானுசரின் திருமேனிக்குத் தான் உகந்த திருமேனி என்று பெயர். சித்திரைத் திருவாதிரையை ஒட்டிய உற்சவத்தில் அவர் தேரேறும்போது அந்த உருவம் ஆளாகவே கருதப்படுகிறது. ஸ்பானியர்கள் மரச்சட்டத்துக்குப் பட்டு உடுத்தி முகமும் கையும் மட்டும் காட்டித் தெருவுக்குக் கொண்டுவந்ததை முதன்முதலில் பார்த்த தமிழருக்கு அது அந்நியமாகத் தோன்றியிருக்க வழியில்லை. கரவாஜ்ஜோவின் ஒளியையோ பொத்ஸோவின் மாயக்கூரையையோ பொருத்திக்கொள்ள இங்கே இடம் இருக்கவில்லை. உடுத்தும் சுரூபத்துக்கு ஆயிரம் ஆண்டுகளாக இடம் தயாராக இருந்தது.

பெரிய வெள்ளியன்று பல ஊர்களில் இன்றும் நடக்கும் தூம்பா பவனி இதற்கு இன்னொரு சான்று. பாடையைக் குறிக்கும் ‘தும்பா’ என்ற போர்த்துகீசியச் சொல்லே தூம்பா ஆயிற்று. சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவின் சுரூபத்தைத் தூம்பாவில் கிடத்தி, பாடிக்கொண்டே இருட்டில் ஊர் சுற்றி வருகிறார்கள். ஃபெர்னாண்டெஸ் செதுக்கிய கிடந்த நிலை இயேசுவின் குடும்பத்தைச் சேர்ந்த உருவம் அது. ஒப்பாரியோ தமிழருடையது. இயேசுவின் பாடுகளை நடித்துக்காட்டும் பாஸ்கு நாடகமும் இப்படியே கரையூர்களிலும் இலங்கையின் கத்தோலிக்க ஊர்களிலும் வேர்விட்டது.

தூத்துக்குடிப் பனிமய மாதாவின் சுரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது ஊர் மரபு. ஸ்பானியர் மணிலாவில் நிலைகொண்டது 1571இல் என்பதால் ஆண்டோ ஊரோ இரண்டில் ஒன்றைத் தளர்த்திக்கொள்ளத்தான் வேண்டும். வந்த வழி கடல் என்பதிலும், சுரூபம் பரதவர் வாழ்வின் நடுவே அமர்ந்துவிட்டது என்பதிலும் ஐயமில்லை. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்துக் கத்தோலிக்கக் கோயில்களைப் பறித்தார்கள். அவர்கள் ஆட்சி நீடிக்கும்போதே 1713இல் இப்போதைய ஆலயம் எழுந்தது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய ரசனை முற்றிலும் மாறியிருந்தது. பரோக் என்றாலே முகம் சுளித்தார்கள். கிரேக்க அமைதி, வெண்பளிங்கு, தெளிந்த கோடு என்பவையே உயர்வு. போதகர் சுவார்ட்ஸ் நினைவாகச் சென்னைக் கோட்டையின் புனித மரியாள் கோயிலுக்கு இளைய ஜான் பேக்கனும், சரபோஜி மன்னரின் விருப்பப்படி தஞ்சாவூர்க் கோயிலுக்கு ஜான் ஃபிளாக்ஸ்மனும் செய்தனுப்பிய பளிங்கு நினைவுச் சின்னங்கள் அந்தப் புதிய ரசனையின் அழகிய சான்றுகள். தஞ்சாவூர்ச் சிற்பத்தில் மரணப்படுக்கையருகே மன்னர் நிற்கிறார். யாரும் துடிக்கவில்லை, உடை மடிப்புகள் நேராக விழுகின்றன. அதே ஆண்டுகளில், 1806இல், தூத்துக்குடிப் பரதவர் பனிமய மாதாவுக்குத் தங்கத் தேர் செய்தார்கள். அடுக்கடுக்காக எழும் சிற்பவேலை, பொன்தகடு, பூ, விளக்கு, உச்சியில் பட்டுடுத்திய மாதா. ஆண்டுத் திருவிழா ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5இல் நிறைவடையும். தங்கத் தேர் சிறப்பு ஆண்டுகளில் மட்டுமே வெளியே வரும். அந்த நாளில் பரதவர் கடல் தொழிலுக்குப் போவதில்லை. வடம் பிடிக்க எல்லாச் சாதிகளிலிருந்தும் எல்லா மதங்களிலிருந்தும் வந்து நிற்கிறார்கள், தேர் நகர்கிறது.